இரண்டாம் காட்சியில் சாகிறவன்

மேடையில் பிணமாகக் கிடப்பவனுக்கு முதல் தொல்லை கொசு. மயிலாப்பூர் சபாவில் ஏ.சி. போட்டிருந்தாலும் கொசு இருக்கும். விளக்கு வெளிச்சத்தில் அசையாமல் கிடக்கிறவனைத் தேடி வந்து கடிக்கும். பழகினால் சரியாகிவிடும், சார். எனக்குப் பழகியிருந்தது. இருபது வருஷத்துக்கு மேல் மேடையில் செத்துக்கொண்டிருந்தவன் நான்.

என் பெயர் அசோகன். தி.நகரில் முத்துகிருஷ்ணன் அண்ணாச்சியின் பாத்திரக் கடையில் சூப்பர்வைசர். அண்ணாச்சிக்கு நாடகப் பைத்தியம். சொந்தக் குழு வைத்திருக்கிறார், நடிகர்கள் எல்லோரும் கடை ஆட்கள். மாதத்தில் ஒரு ஞாயிறு நாடகம். கதை மாறினாலும் அண்ணாச்சி எப்போதும் வில்லன், நான் எப்போதும் அவருடைய அடியாள்.

வில்லன் வெறும் வாயால் மிரட்டினால் கூட்டம் கொட்டாவி விடும் என்பார் அண்ணாச்சி. அதனால் இரண்டாம் காட்சியிலேயே அவன் ஒருவனைக் கொன்று காட்டிவிட வேண்டும். கதாநாயகனைக் கொல்ல முடியாது, அவன் கடைசிவரை வேண்டும். பக்கத்தில் நிற்கிற, ஒரு பாவமும் அறியாத யாரையாவது கொல்ல வேண்டும். அப்போதுதான் இவன் சொன்னதைச் செய்கிறவன் என்று எல்லோருக்கும் உறைக்கும்.

அந்த யாராவது நான்தான். அண்ணாச்சி டம்ளரை நீட்டுவார், நான் குடித்துவிட்டுச் சாவேன். உள்ளே இருப்பது நன்னாரி சர்பத். முன்வரிசைக்குத் தொண்டை அசைவது தெரியும் என்பதால் நடிக்கக் கூடாது, முழுக்கக் குடித்தாக வேண்டும். பிறகு என் நெஞ்சில் காலை வைத்துக்கொண்டு நீளமாக ஒரு வசனம் பேசுவார். கைதட்டு விழுந்தால் வசனம் இன்னும் நீளும். அவர் பேசி முடித்துத் திரை விழும்வரை பிணம் அசையக் கூடாது. எங்கள் குழுவில் அது சட்டம். ஒருமுறை தும்மியதற்கு மறுநாள் கடையில் வாடிக்கையாளர்கள் முன்னால் வாங்கிக் கட்டிக்கொண்டேன்.

போன பங்குனியில் அப்படிக் கிடந்தபோது என் சட்டைப் பையில் போன் அதிர்ந்தது. அவளுக்கென்று தனி அதிர்வு வைத்திருந்ததால் சுலோச்சனாதான் என்று தெரிந்துவிட்டது. என் மனைவி நாடக நேரத்தில் ஒருநாளும் கூப்பிட்டதில்லை. காலடியில் அதிர்ந்தது அண்ணாச்சிக்கும் தெரிந்தது. அவர் காலை எடுக்கவில்லை, இன்னும் அழுத்தினார். அன்றைக்கு நல்ல கூட்டம், இல்லாத வசனமெல்லாம் சேர்த்துப் பேசினார். போன் நின்றது, மறுபடி அதிர்ந்தது, நின்றது. திரை விழுந்ததும் கூப்பிட்டேன், எடுக்கவில்லை. நான் நங்கநல்லூர் போய்ச் சேர்ந்தபோது சமையலறை வாசலில் கிடந்தாள். நெஞ்சுவலி. கொஞ்சம் முன்னால் கொண்டு வந்திருந்தால் காப்பாற்றியிருக்கலாம் என்றார் டாக்டர்.

நீ அசைந்திருக்கலாமே என்று நீங்கள் கேட்பீர்கள். அதுதான் சட்டம் என்று சொன்னேனே.

காரியம் முடிந்து நான் கடைக்குத் திரும்பிய அன்று அண்ணாச்சி கல்லாவில் உட்கார்ந்து யாரிடமோ சொல்லிச் சிரித்துக்கொண்டிருந்தார். "பொணத்துக்குப் போனு வருது வே. கால்ல கிச்சுகிச்சு மூட்டுன மாதிரி இருந்துச்சு."

எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. ஆனாலும் அவர் தனியாக இருக்கும்போது போய்ப் பதமாகத்தான் சொன்னேன். அடுத்த நாடகத்தில் மேடையில் நின்று, சுலோச்சனா பெயரைச் சொல்லி, மன்னிப்புக் கேட்க வேண்டும். கேட்காவிட்டால் உங்கள் காலடியில் நிஜமாகவே ஒருவன் சாவான் என்றேன்.

அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். "உமக்குச் சாகத்தான் வே தெரியும். மிரட்டணும்னா அதுக்குன்னு ஒரு மூஞ்சி வேணும்லா?"

அதோடு என் வேஷத்தைப் பிடுங்கி டில்லிபாபுவிடம் கொடுத்துவிட்டார். சர்பத் கலக்குவதும் திரைக்கயிறு இழுப்பதும் என் வேலையாயின.

டில்லிபாபு எங்கள் கடையின் டெம்போ டிரைவர், பட்டினப்பாக்கத்துக்காரன். தங்கமான மனுஷன். சுலோச்சனாவுக்குப் பாடை கட்டியவன் அவன், மயானத்தில் கடைசிவரை என் பக்கத்தில் நின்றவனும் அவன். அவன்மேல் எனக்கு எந்த மனத்தாங்கலும் கிடையாது. எப்படி விழுவது, மூச்சை எப்படி அடக்குவது எல்லாம் நானே சொல்லிக்கொடுத்தேன். என்ன ஆனாலும் அசையாதே, கண்ணைத் திறக்காதே என்று சொல்லிக்கொடுத்தேன்.

போன ஞாயிறு நாடகம் தொடங்கும் முன் என்னிடம் வந்தான். "அண்ணே, கயலு வந்துகீது. முன்னாடி ஒரு சீட்டு கெடைக்குமா? கட்டிக்கினு இத்தினி வருசத்துல நான் நடிச்சி அது பாத்ததே இல்ல."

அவன் மனைவிக்கு முதல் வரிசையிலேயே இடம் பிடித்துக் கொடுத்தேன். பிறகு போய் சர்பத் கலந்தேன். அதோடு வேறு என்ன கலந்தேன் என்று தேட வேண்டாம், மிச்சம் என் வீட்டு பீரோவில் இருக்கிறது.

ஒரு சொட்டு விடாமல் குடித்தான். என்னைவிட நன்றாக விழுந்தான். கைகால் துடித்ததற்குக் கூட்டம் கைதட்டியது, கயலும் தட்டினாள். அண்ணாச்சி காலைத் தூக்கி வைத்து வசனத்தை ஆரம்பித்தார். ஓரத்தில் நின்ற என்னை டில்லிபாபு பார்த்தான். கண்ணைத் திறக்கக் கூடாது என்பதை மறந்துவிட்டான், பாவம். உதடு அசைந்தது. கயிறு என் கையில்தான் இருந்தது. இழுத்திருந்தால் யாராவது ஓடி வந்திருப்பார்கள், ஆஸ்பத்திரியும் பக்கத்துத் தெருவில்தான். ஆனால் அண்ணாச்சி பேசி முடிக்காமல் திரை போட எனக்கு அதிகாரம் இல்லை. அன்றைக்கும் அவர் நிறையப் பேசினார்.

திரை விழுந்ததும் அவருக்குப் புரியும், நடுங்குவார் என்று காத்திருந்தேன். நடந்தது வேறு. போலீஸ், பத்திரிகை என்று போனால் குழுவின் பெயர் கெட்டுவிடும் என்று, தெரிந்த டாக்டரிடம் மாரடைப்பு என்று எழுதி வாங்கினார். மறுநாளே தகனம் முடிந்தது. செலவெல்லாம் அவர் ஏற்றுக்கொண்டார். கயல் அவரைக் கையெடுத்துக் கும்பிட்டாள்.

அன்று சாயங்காலம் அவரிடம் போய், "நான் சொன்னபடி செஞ்சிட்டேன், அண்ணாச்சி" என்றேன். சர்பத் விஷயத்தையும் மறைக்காமல் சொன்னேன். அவர் என் தோளில் கையைப் போட்டார்.

"சுலோச்சனா போனதுல இருந்து உமக்கு மனசே சரியில்ல வே. ரெண்டு நாள் லீவு போட்டுட்டு திருச்செந்தூர் போயிட்டு வாரும்."

ஒரு ஆளைக் கொன்றும் என்னால் அவரை நம்பவைக்க முடியவில்லை, சார். அதனால்தான் நானாக ஸ்டேஷனுக்கு வந்தேன். பழிவாங்கும் எண்ணமெல்லாம் எனக்கு இல்லை. இருந்திருந்தால் அந்த டம்ளரை அவருக்கே கொடுத்திருக்க மாட்டேனா? டில்லிபாபு வீணாகச் செத்தவனாகிவிடக் கூடாது, அவ்வளவுதான்.

எழுதிக்கொள்ளுங்கள். டில்லிபாபுவைக் கொன்றது நான். இதை முதலில் அண்ணாச்சியிடம் படித்துக் காட்டுங்கள். படிக்கும்போது அவர் முகத்தைப் பார்த்துக்கொள்ளுங்கள். பயந்தாரா என்று வந்து எனக்குச் சொல்ல வேண்டும்.

கயலுக்கு மட்டும் தெரிய வேண்டாம். நேற்று துக்கம் கேட்கப் போனபோது என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். "கடைசில அது உன்னியதாண்ணே பாத்துக்கினு இருந்துச்சி. நல்ல வேள, நீயாவது பக்கத்துல இருந்த" என்றாள். அந்த நல்ல பெயரையாவது எனக்கு விட்டுவையுங்கள், சார்.