பத்து ரிவிட்

இன்னும் நெருங்கி உட்காருங்கள். டார்ச்சை அணைத்துவிடலாம்... இது என்னோடு நைட் ஷிஃப்ட் பார்த்தவனின் மச்சானுக்கு நடந்தது.

விடியற்காலை நாலரை மணி. மலையிறக்கச் சாலை. ஈ காக்கை இல்லை. மச்சான் ஒரு பழைய பள்ளிக்கூட வேனைத் தனியாக ஓட்டி வருகிறான்.

பிரேக் மெக்கானிக் அவன். தேய்ந்த லைனிங் பட்டையைப் பெயர்த்துவிட்டு, பிரேக் ஷூவில் புதியதை வைத்து ரிவிட் அடிப்பதுதான் பிழைப்பு. ஷூவுக்குப் பத்து. முந்தின நாள் இந்த வேனுக்கு அடித்தபோது ஒவ்வொன்றையும் விரல் வைத்து எண்ணினான். காலை எட்டு மணிக்கு அதில் ஏறப்போவது அவன் மகள். அதற்குத்தான் இந்த வெள்ளோட்டம்.

எண்ணாத நாளும் உண்டு... ஆறு மாதம் முன்பு, ஒரு லாரி. கடைசி ஷூவில் எட்டு அடித்ததும் ரிவிட் தீர்ந்துவிட்டது. கடையும் மூடியாயிற்று. காலியான இரண்டு ஓட்டைகளிலும் பசையை அடைத்து, மேலே பித்தளைத் தூளைத் தேய்த்துவிட்டான். லாரி டிரைவருக்குப் பார்வை மந்தம். கண்ணாடி அவ்வளவு தடிமன். எல்லாருக்கும் அவர் சோடாபுட்டி.

"பத்தும் அடிச்சியாடா மாப்ளே?"

"சந்தேகம்னா எண்ணிப் பாருண்ணே... கண்ணு தெரிஞ்சா!"

சோடாபுட்டியும் சேர்ந்து சிரித்தார். அன்றைக்கே இந்த இறக்கத்தில் லாரி உருண்டது. கண்ணாடி மட்டும் உடையாமல் கிடைத்தது.

இப்போது அதே வளைவு. மச்சான் பிரேக்கை மிதித்தான்.

டக்... டக்... பின் சக்கரத்திலிருந்து. கூடவே கருகல் வாடை. கியரைக் குறைத்து, ஓரத்து மண்மேட்டில் ஏற்றி நிறுத்தினான். ஜாக்கி போட்டு, சக்கரத்தைக் கழற்றி, ஷூவை மூடியிருக்கும் டிரம்மை இழுத்தான்.

இரண்டு ஓட்டை காலி.

ரிவிட் அறுந்தால் துண்டு டிரம்முக்குள்தானே கிடக்க வேண்டும்? ஒரு பொடிகூட இல்லை. ஷூவைத் தொட்டான். ஐஸ்.

மறுபடி எண்ணினான். ஒன்று... இரண்டு... முதுகுக்குப் பின்னால் யாரோ கூடவே எண்ணினார்கள். மெதுவாக. அவன் எட்டில் நிறுத்தினான். அந்தக் குரல் நிறுத்தவில்லை.

போட்டது போட்டபடி ஓடினான். திரும்பிப் பார்க்கவில்லை. வீடு வந்து சேர ஏழேமுக்கால்.

"என்னங்க இது கோலம்? பேய் அறைஞ்ச மாதிரி! வேன் எங்க?" என்றாள் மனைவி.

"வேன் வராது. இன்னிக்கு அவ ஸ்கூலுக்குப் போக வேணாம்."

மகள் சீருடையோடு வாசற்படியில் உட்கார்ந்திருந்தாள். மூடியிருந்த கையை அவன் முன்னால் விரித்தாள். இரண்டு பித்தளை ரிவிட். அவன் அடித்த சுத்தியல் தழும்பு அப்படியே இருந்தது.

"ஏதுடி இது?"

"கண்ணாடி போட்ட தாத்தா குடுத்தாருப்பா. உன்னை எண்ணிப் பாக்கச் சொன்னாரு."

"எங்க அவரு?"

"போயிட்டாரு. மிச்சம் எட்டும் நான் வேன்ல ஏறினதும் தருவாராம்."

அப்போது வாசலில் ஹாரன் அடித்தது. மலையில் சக்கரத்தைக் கழற்றிப் போட்டுவிட்டு வந்தானே... அந்த வேனின் ஹாரன்.