பாதி கரண்ட்டு வீடு

அந்த ஓட்டையில உங்க ப்ளக் போகாதுங்க. எவ்வளவு அழுத்தினாலும் போகாது. நம்மது உருண்டைக் குச்சி, இங்க தட்டைக் குச்சி. இருங்க, என் பையில அடாப்டர் இருக்கு. இந்தாங்க, இதைச் செருகி அதுல மாட்டுங்க. அட, இதுக்கெல்லாம் எதுக்குங்க நன்றி. உட்காருங்க, விமானத்துக்கு இன்னும் நேரம் கிடக்கு.

வெடிக்காது, பயப்படாதீங்க. போன் சார்ஜர் எந்தக் கரண்ட்டையும் தாங்கும், அது முதுகிலயே பொடி எழுத்துல போட்டிருக்கு. எனக்கு முன்னாடியே எங்க தெரியும், எல்லாம் மாப்பிள்ளை வீட்டுல பட்டுத் தெரிஞ்சுக்கிட்டதுதான். ஆமா, பொண்ணு வீட்டுக்குத்தான் வந்தேன்.

வந்த அன்னிக்கே பாடம் ஆரம்பிச்சுருச்சு. அவளுக்குன்னு ஆசையா ஒரு மிக்ஸி தூக்கிட்டு வந்திருந்தேன். செத்த எலியைத் தூக்கற மாதிரி அது வயரை ரெண்டு விரல்ல தூக்கிப் பார்த்தார் மாப்பிள்ளை. இங்க கரண்ட்டு நம்ம ஊர்ல வர்றதுல பாதிதான் அத்தை, கன்வர்ட்டர் இல்லாம இது ஓடாதுன்னார். சரி, எனக்குத் தெரியலை. ஆனா அந்தக் கன்வர்ட்டர் ஹால் மூலையிலேயே உட்கார்ந்திருக்குங்க, செங்கல் கனத்துல. அது அவரோட பாட்டுப் பெட்டிக்கு மட்டுமாம். என் பொண்ணு மிக்ஸியைத் திரும்பப் பொட்டியில வச்சுட்டு, உள்ள போயிட்டா.

அடாப்டரா? அங்கதான் வர்றேன். வீட்டுக்கே ஒண்ணுதான். காலையில ஆபீஸ் கிளம்பறப்ப அதைக் கழட்டி, கைக்குட்டையால துடைச்சு, பைக்குள்ள போட்டு ஜிப்பை இழுத்துருவார். ஆபீஸ்ல அதுக்கு என்ன வேலைன்னு நீங்க கேக்கறீங்கல்ல, நானும் அதைத்தான் கேட்டேன். அவருக்கு இந்த ஊர் சார்ஜரே இருக்கே. அதுக்கு என் பொண்ணு, மட்டமானதெல்லாம் தீப்பிடிக்குமாம்மா, அவர் இல்லாதப்ப எதையும் மாட்டக்கூடாதாம்னா. சொல்லிக்கிட்டே துடைச்ச அடுப்பைத் திரும்பத் துடைச்சா.

ஊர்ல இருந்து பகல்ல எப்பக் கூப்பிட்டாலும் அவ போன் அணைஞ்சே கிடக்கும். தூங்கறா போலன்னு நாங்களே ஒண்ணு சொல்லிக்குவோம். அங்க போய்ப் பார்த்தா, பழைய போன், பேட்டரி நிக்காது. ராத்திரி இவர் தலைமாட்டுல கொஞ்ச நேரம் சார்ஜ் போடுவார், அரைகுறையா ஏறினதும் உருவிருவார். வேற சார்ஜர் வாங்க அவ கையில காசு வேணுமே. ஆனா அப்பகூட, ஆள் கஞ்சன்னுதாங்க நினைச்சேன்.

கடைக்குப் போறேன்னு நானே இறங்கினேன். பஸ் நிறுத்தத்துப் பக்கத்துக் கடையில, சீப்புக்கும் குடைக்கும் நடுவுல அடாப்டர் கொத்துக் கொத்தாத் தொங்குது. கையால காட்டி ஒண்ணு வாங்கிட்டு வந்து அவ போனை மாட்டினேன். பச்சை விளக்கு எரிஞ்சுது. சந்தோஷப்பட்டிருப்பான்னு நினைக்கறீங்களா? அவ மூஞ்சி சுண்ணாம்பா வெளுத்துப் போச்சுங்க. ஓடி வந்து பிடுங்கிட்டு, வேணாம்மா, சாயங்காலம் வந்ததும் சார்ஜ் எவ்வளவு இருக்குன்னு பார்ப்பார், கூட இருந்தா யார்கிட்ட பேச ஏத்தினேன்னு கேப்பார்னா.

அப்பதாங்க எனக்கு உறைச்சுது.

பார்க்கத்தான் செஞ்சான். மாப்பிள்ளை, அவர் இவர்னு சொல்ல இனிமே எனக்கு வாய் வராது, விடுங்க. ஷூவைக் கழட்டறதுக்கு முன்னாடி போனை எடுத்துப் பார்த்தான். நான்தான் வாங்கினேன்னு சொன்னேன். கத்தலை. கத்தியிருந்தாலும் தேவலை. சாவகாசமா உட்கார்ந்து தின்னான். பல்லைக் குத்திக்கிட்டே போய்க் குறடு எடுத்துட்டு வந்து, எங்க ரெண்டு பேர் முன்னாடி அந்த அடாப்டரோட குச்சியை முறுக்கி ஒடிச்சுப் போட்டான். நகம் வெட்டற மாதிரிங்க. அப்புறம் சிரிச்ச மூஞ்சியா, அத்தை, இந்த வீட்டுல எது எப்ப ஓடணும்னு நான்தான் முடிவு பண்ணுவேன், நீங்க விருந்தாளி, விருந்தாளியா இருங்கன்னான்.

சொல்லிட்டு எழுந்து போய்ப் பாட்டு போட்டுக்கிட்டான். என் பொண்ணு கீழ குனிஞ்சு ஒடிஞ்ச குச்சியைப் பொறுக்கறா. அவன் காலுக்கு அடியில கிடந்ததையும் பொறுக்கறா, அந்தக் காலை அவன் நகத்தலை. பெத்தவ நான் இதை உட்கார்ந்து பார்க்கறேன். அவன் தின்ன தட்டைக் கழுவறப்ப, த்தூ, கையே நாறின மாதிரி இருந்துச்சுங்க. இப்ப சொல்றப்பவும் அருவருப்பா இருக்கு.

இல்லைங்க, நான் சண்டை போடலை. நான் சண்டை போட்டுட்டு ஊருக்குப் போயிருவேன், அப்புறம் அங்க இருக்கறது யாரு? மறுநாள் போய் இன்னொண்ணு வாங்கினேன். உங்க போன்ல மாட்டியிருக்கே, அதுதான். என் போனை ஏத்தி என் பையனைக் கூப்பிட்டு எல்லாத்தையும் சொன்னேன். அவன் ஒரு கேள்வி கேக்கலை. நாளைக்கு டிக்கெட் கிடைக்குதான்னு பார்க்கறேம்மான்னான்.

என் பழைய டிக்கெட்டா? அது அடுத்த மாசத்துக்குங்க, போனது போகட்டும்.

மிக்ஸியை விட்டுட்டு வந்துட்டேன். பெட்டிகூட எடுக்கலை, இந்தக் கைப்பை மட்டும்தான். பாஸ்போர்ட்டைத்தான் தேட வேண்டியிருந்துச்சு. என்னுது என்கிட்டயேதான் இருந்துச்சுங்க, நான் தேடினது இன்னொண்ணு. அலமாரியில அவன் சட்டைங்களுக்கு அடியில வச்சிருந்தான்.

அதோ, கண்ணாடி ஓரமா, வீட்டுச் செருப்போட நின்னு வெளிய பார்த்துட்டிருக்காளே, அவதாங்க. வந்து உட்காருடின்னா கேக்க மாட்டேங்கறா. அவனுக்கு எங்க தெரியும்? காலையில கிளம்பறப்ப, இன்னிக்கு வர லேட்டாகும்னான்.

சரின்னு சொன்னோம்.