வாழைத்தண்டு ஜூஸ்

“எனக்கு ஒண்ணுக்கே வராதுக்கா. கல்லு எந்த வழியா வெளிய போகும்?”

கிள்ளானிலிருந்து புறப்பட்ட கொமியூட்டர் ரயிலில், எதிரே இருந்தவர் தன் அக்காவிடம் இப்படிக் கேட்டார். ஒட்டுக்கேட்பது தவறென்று தெரிந்தும், ஜன்னலைப் பார்ப்பதுபோல் கேட்டுக்கொண்டிருந்தேன். அவர் பிரிக்ஃபீல்ட்ஸுக்கு டயாலிசிஸ் செய்துகொள்ளப் போகிறார். சிறுநீரகத்தில் கல்லும் இருக்கிறதாம். அக்கா வாழைத்தண்டு ஜூஸ் போத்தலை நீட்டியபடியே இருந்தார்.

“எங்க மாமியாருக்கு இதுலதான் கரைஞ்சுச்சுடா.”

“அவங்க கிட்னி வேலை செய்யுது. போன மாசம் நீ அழுதேன்னு குடிச்சேன். பொட்டாசியம் ஏறி ஹார்ட் நிக்கப் பார்த்துச்சு லா.”

“கொஞ்சமா குடி. சும்மா பார்த்துக்கிட்டு இருக்க முடியலைடா.”

“உன் கிட்னி எனக்குப் பொருந்துதுன்னு டாக்டர் சொன்னப்ப சும்மாதானே இருந்தே?”

“உங்க மாமா விடலையே.”

“ஜூஸ் குடுக்க மட்டும் விட்டாரா?”

அக்கா போத்தலை மடியில் வைத்துக்கொண்டார். “அவருக்குத் தெரியாமத்தான் வந்தேன்,” என்றார்.

“ம். இதுக்கு மட்டும் உனக்குத் தைரியம் வந்துச்சு,” என்றார் தம்பி.