ராணி எந்தப் பெட்டியில்

"ராணி எந்தப் பெட்டியில கீதுன்னு பாக்காமலா டிரெயின் ஏறுனே?"

தாம்பரத்தில் வண்டி கிளம்பியதும் எதிரே இருந்தவள் புருஷனைக் கேட்டாள். அடுத்தவர் பேச்சில் வாய் வைக்கும் வழக்கம் எனக்கில்லை. காது மட்டும் வைத்தேன். அவன் மடியில் வலை அடித்த சின்ன மரப்பெட்டி, உள்ளே தேனீக்களின் இரைச்சல். வீட்டிலிருந்த ஒரே தேன்கூட்டைக் காலையில் இரண்டாகப் பிரித்து, பாதியைக் கூடுவாஞ்சேரியில் அவள் அம்மா வீட்டு மாடியில் வளர்க்கக் கொண்டுபோகிறார்களாம்.

"நீ பாத்தேன்னு நெனச்சேன்."

"நான் பொகை போட்டுகினு இருந்தேன்யா!"

வீட்டிலிருந்த தங்கச்சிக்குப் போன் போட்டாள். "பெரிய பெட்டியில காது வெச்சுப் பாருடி. அழுவுற மாரி சத்தமா? வாசல்ல தேடிகினு ஓடுதுங்களா?"

போனை வைத்தாள். "ராணி உன் மடியிலதான் கீது."

"கத்தாத. முட்டை இருந்தா அதுங்களே புது ராணி வளத்துக்கும்."

"முட்டை இருக்குற தேனடைய அங்க வுட்டியா?"

அவன் பெட்டியைப் பார்த்தான். "நல்ல அடையா பாத்து எல்லாத்தையும் இதுலயே போட்டுட்டேன்."

"எறங்கு. ஒரு அடையாவது திருப்பி வெக்கணும்."

"உங்கம்மா காத்துகினு இருப்பாங்க."

"அம்மா காத்திருக்கும். அதுங்க காத்திருக்காது."

பெருங்களத்தூரில் கூட்டம் பெட்டியைப் பார்த்துத் தானாக விலகியது.

"ரெண்டும் பொழைக்குமா?" என்றான் இறங்கிக்கொண்டே.

"மொதல்ல குலுக்காம நட."