ஏழு வெள்ளைச் சாக்குத் துண்டுகள்

பெண்பிள்ளைகள் மோட்டார் சைக்கிள் ஓட்டுவதில் எனக்கு எந்த ஆட்சேபமும் இருந்ததில்லை. இன்ஸ்பெக்டர் தேவன் அவர்களே, இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். என் வீட்டுக்கு வந்த அன்று நீங்கள் கேட்ட முதல் கேள்வி அதைப் பற்றித்தான். "உங்க வயசுக்கு இந்த மோட்டார் வீடியோ எல்லாம் எதுக்கு டீச்சர்?" என்று சிரித்துக்கொண்டே கேட்டீர்கள். பொழுது போகவில்லை என்றேன். உங்கள் கான்ஸ்டபிள் அதை மலாயில் எழுதினார். நான் கையெழுத்திட்டேன்.

அந்தத் தாளில் பொய் எதுவும் இல்லை. மாதவி என்ற அந்தப் பெண் அன்று என் வீட்டில் சாப்பிட்டாள், கிளம்பிப் போனாள், செம்பனைத் தோட்டத்துப் பின்பாதையில் குறுக்கே கட்டியிருந்த சங்கிலியில் மோதி இறந்தாள். எல்லாம் சரி. ஆனால் அந்தத் தோட்டத்துக் காவல்காரர் சிவானந்தத்தைப் பிடித்து வைத்திருப்பதாக நேற்று கோலா சிலாங்கூர் சந்தையில் பேசிக்கொண்டார்கள். அவர் தன் வேலையைச் சரியாகச் செய்தவர். அவர் மனைவி லெட்சுமி என்னிடம் படித்தவள். அதனால்தான் இதைத் தமிழில் எழுதுகிறேன். முப்பத்தோரு வருடம் தமிழ்ப்பள்ளியில் பாடம் நடத்தியவள் நான். எழுதிப் பார்த்தால்தான் எதுவும் எனக்குத் தெளிவாகும்.

என் கணவர் போன பிறகு எனக்கு இருந்தது என் மகள் விஷாலினி ஒருத்திதான். ரவாங்கில் ஒரு தொழிற்சாலையில் அவளுக்கு வேலை. தோழிகளோடு அறை எடுத்துத் தங்கியிருந்தாள். அதற்கும் நான் தடை சொல்லவில்லை. ஒரு நாளைக்கு நான்கு முறை மட்டும் அழைப்பேன். அவள் எடுக்காவிட்டால் அவளுடைய சூப்பர்வைசரை அழைப்பேன், அவ்வளவுதான். மோட்டார் வாங்க வேண்டும் என்று ஒருமுறை கேட்டாள். கொஞ்சம் பொறு என்றேன். சித்தப்பா மகனின் மோட்டாரை ஓட்டிக்கொண்டு வந்து வாசலில் நிறுத்திய அன்று, சாவியை வாங்கிக்கொண்டு போய் ஆற்றில் போட்டேன். அதை ஆட்சேபம் என்று சொல்ல முடியாது, அக்கறை. அதற்குப் பிறகு அவள் மோட்டாரைப் பற்றி என்னிடம் ஒரு வார்த்தை பேசியதில்லை. ஆசை விட்டுப்போய்விட்டது என்றே நினைத்தேன்.

சென்ற ஆண்டு மார்ச் மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, சுங்கை பஞ்சாங்கில் வயல்களுக்குத் தண்ணீர் விடும் கால்வாய்க்குள் மோட்டாரிலிருந்து விழுந்து அவள் இறந்தாள். அறைத் தோழியின் மோட்டார். விஷாலினி லைசென்ஸ் எடுத்து ஒரு வருடம் ஆகியிருந்ததாம். ரவாங்கிலிருந்து அவள் வந்த சாலை என் வீட்டிலிருந்து இரண்டு கிலோமீட்டர் தூரத்தில்தான் போகிறது. அவள் வீட்டுக்கு வரவில்லை. அன்று காலை பத்து மணிக்கு நான் அழைத்தபோது, "ரூம்ல துணி தொவைக்கிறேன்மா" என்றாள். பின்னால் காற்றுச் சத்தம் கேட்டது. மின்விசிறி என்று எடுத்துக்கொண்டேன்.

அவளுடைய கைப்பேசி என்னிடம் வந்தது. அதைத் திறக்கும் எண் எனக்குத் தெரியும், நான்தான் வைத்துக் கொடுத்திருந்தேன். அதில்தான் மாதவியை முதன்முதலாகப் பார்த்தேன். தைப்பிங் பக்கத்துப் பெண். தன்னந்தனியாக மோட்டாரில் நாடு நாடாகப் போய்க் காணொளி போடுகிறவள். அலைவரிசையின் பெயர் 'ஒத்த ஹெல்மெட்'. விஷாலினி அதில் ஒன்றைக்கூட விட்டுவைத்திருக்கவில்லை. "ஞாயித்துக்கெழம பாகான் நக்கோடா ஓமார்ல இருந்து கெளம்புறேன், வழியனுப்ப வர்றவங்க வாங்க லா, மீன் சாப்பிடலாம்" என்று மாதவி சொல்லியிருந்தாள். "கண்டிப்பா வர்றேன் அக்கா" என்று என் மகள் கீழே எழுதியிருந்தாள். அங்கே போகும் வழியில்தான் விழுந்திருக்கிறாள்.

அந்தப் பயணத்தின் முதல் காணொளி மூன்று வாரம் கழித்து வந்தது. பதினெட்டாவது நிமிடம். மாதவி வயல் ஓரமாக ஓட்டிக்கொண்டே இளநீரைப் பற்றிப் பேசுகிறாள். இடது ஓரத்தில், கால்வாய்க் கரையில், ஒரு மோட்டார் சாய்ந்து கிடக்கிறது. புல்லில் ஒரு பச்சை ஹெல்மெட். மூன்று வினாடி. மாதவி கடந்து போகிறாள். அடுத்த காட்சியில் பாகான் நக்கோடா ஓமாரில் பொரித்த மீனுக்கு முன்னால் உட்கார்ந்திருக்கிறாள்.

அந்த மூன்று வினாடியை நான் எத்தனை முறை பார்த்தேன் என்று சொல்லத் தெரியாது. ஆம்புலன்ஸ் வர நாற்பது நிமிடம் ஆனது என்று ஆஸ்பத்திரியில் சொல்லியிருந்தார்கள். அந்த நாற்பது நிமிடத்தில் ஒருத்தி என் மகளைத் தாண்டிப் போய் மீன் சாப்பிட்டிருக்கிறாள். நான் அழவில்லை. எனக்கு ஒரு வேலை கிடைத்ததுபோல இருந்தது.

அன்றே என் பெயரில் ஒரு கணக்கு தொடங்கி, "பத்திரமாகப் போய் வா மகளே" என்று எழுதினேன். அதற்குப் பிறகு ஒவ்வொரு காணொளிக்கும் எழுதினேன். தாய்லாந்தில் அவள் சங்கிலிக்கு எண்ணெய் விடும்போது, லாவோசில் பாலம் இல்லாத ஆற்றைப் படகில் கடக்கும்போது, வியட்நாமில் மழையில் நடுங்கும்போது, எல்லாவற்றிலும் நான் இருந்தேன். அவளும் என்னைத் தேட ஆரம்பித்தாள். "அமராவதி ஆன்ட்டி கேக்குறாங்க, ஹெல்மெட்டுக்குள்ள தல அரிச்சா என்ன பண்ணுவேன்னு. ஆன்ட்டி, அதுக்குன்னே ஒரு நீள ஸ்பூன் வெச்சிருக்கேன் லா" என்று ஸ்பூனைத் தூக்கிக் காட்டினாள். நல்ல சிரிப்பு அவளுக்கு. லாவோஸ் சேற்றில் விழுந்து மணிக்கட்டை முறித்துக்கொண்டபோது நான் மூன்று வெள்ளிக்கிழமை விரதம் இருந்தேன். அங்கே அவளுக்கு எதுவும் ஆகிவிடக் கூடாது என்பதில் எனக்கு இருந்த அக்கறை, அவளைப் பெற்றவளுக்கு இருந்திருக்குமா தெரியவில்லை. என் மகளைப் பற்றி நான் ஒரு வரிகூட எழுதியதில்லை.

பதினோரு மாதம் கழித்து அவள் நாடு திரும்பினாள். அடுத்ததாக 'தோட்டம் தேடி' என்று ஒரு வரிசையைத் தொடங்கினாள். பார்வையாளர்களின் அப்பா அம்மா ரப்பர்ப் பால்மரம் வெட்டிய தோட்டங்களுக்குப் போய், அங்கே இன்னும் என்ன மிச்சமிருக்கிறது என்று காட்டுவது. ஆட்கள் வரிசையில் நின்று பெயர் கொடுத்தார்கள். நானும் கொடுத்தேன். நான் பிறந்த தோட்டம் இப்போது முழுக்கப் பாமாயிலுக்கான செம்பனை. பழைய ரப்பர் ஸ்டோருக்குப் பின்னால் முனியாண்டி கோயில் ஒன்று மட்டும் நிற்கிறது. வழி யாருக்கும் தெரியாது, எனக்குத் தெரியும் என்று எழுதினேன். பத்து நிமிடத்தில் பதில் வந்தது. "உங்க தோட்டத்துக்குப் போகாம வேற எங்க போவேன் ஆன்ட்டி? ஆனா மொதல்ல உங்க கையால சோறு."

அந்தக் கோயிலுக்குப் போகும் பின்பாதையில் சங்கிலி இருப்பதை எனக்குச் சொன்னவர் சிவானந்தம். லெட்சுமிக்குப் பலகாரம் கொடுக்கப் போனபோது பேச்சுவாக்கில் சொன்னார். "செம்பனப் பழத் திருடனுங்க தொல்ல தாங்கல டீச்சர். லோரியவே நேரா உள்ளுக்கு வுடுறானுங்க. அதான் பின்னால ரெண்டு இரும்புத் தூண் நட்டு சங்கிலி மாட்டிட்டாங்க." நெஞ்சு உயரம் என்று கையை வைத்துக் காட்டினார். "மோட்டார்ல வர்றவன் கண்ணுக்கு அது தெரியாது. சாயங்கால வெயிலு நேரா மூஞ்சிலயே அடிக்கும். நம்ம பேருக்குப் பாவம் வந்து சேரக் கூடாதுன்னு உரச் சாக்கக் கிழிச்சி வெள்ளையா தொங்க வுட்டிருக்கேன்."

அவர் தொங்கவிட்டிருந்தவை ஏழு துண்டுகள். மாதவி வருவதாகச் சொன்ன சனிக்கிழமை, பகல் பன்னிரண்டு மணிக்கு நான் என் மைவி காரில் போய், சமையலறைக் கத்தரிக்கோலால் அந்த ஏழையும் வெட்டி எடுத்தேன். யாரும் இல்லை. திரும்பி வந்துதான் உலை வைத்தேன்.

நான்கு மணிக்கு வந்தாள். காணொளியில் தெரிவதைவிடக் குள்ளம். காலில் விழுந்து கும்பிட்டாள். நண்டு ரசம், பாகற்காய் வறுவல், கோழிக் குழம்பு. "எனக்குப் பாவக்கா புடிக்கும்னு எப்படித் தெரியும்?" என்று கேட்டாள். வியட்நாமில் நீ அதைத் தேடி அலைந்தாயே என்றேன். "ஐயோ, எங்கம்மாகூட அத கவனிக்கல ஆன்ட்டி" என்றாள்.

பாதிச் சாப்பாட்டில் தண்ணீர் எடுக்க எழுந்தபோது, சுவரில் மாலை போட்டிருந்த படத்தைப் பார்த்தாள். பார்த்தபடியே நின்றாள்.

"இவங்க..."

"என் மக. விஷாலினி."

அவள் மறுபடியும் சாப்பிட உட்காரவில்லை. எச்சில் கையோடு நின்றபடியே சொன்னாள்.

"நான் தாண்டிப் போயிட்டேன் ஆன்ட்டி. அப்புறம் கண்ணாடில பாத்தேன், ஏதோ சரியில்லன்னு பட்டுச்சி. வண்டியத் திருப்பிட்டேன். கால்வாயில எறங்கி தலையத் தூக்கி மடியில வெச்சிக்கிட்டேன். ஆம்புலன்சுக்கு நான்தான் போன் பண்ணேன். தூங்கிடக் கூடாதுன்னு பேசிக்கிட்டே இருந்தேன். அத வீடியோவுல போட எனக்கு மனசு வரல, வெட்டிட்டேன். மீன் கடையெல்லாம் மறுநாளு எடுத்ததுதான். ஒருத்தி சாகுறத காட்டி ஆள் சேக்கணுமா?"

ஆம்புலன்சை அழைத்தது ஒரு பெண் என்று அன்றைய போலீஸ் தாளிலேயே இருந்தது. அக்கம்பக்கத்து மலாய்க்காரப் பெண் என்று நான் நினைத்திருந்தேன்.

"ஏதாச்சும் சொன்னாளா?" என்று கேட்டேன்.

மாதவி தயங்கினாள். "சொன்னா. 'அம்மாகிட்ட சொல்லிடாதீங்கக்கா. நான் மோட்டார்ல வந்தேன்னு தெரிஞ்சா...' அவ்வளவுதான். அதையேதான் திரும்பத் திரும்ப சொன்னா."

"தெரிஞ்சா என்ன?"

"அதுக்கு மேல சொல்லல ஆன்ட்டி. வலியவிட அந்தப் பயம்தான் ரொம்ப இருந்துச்சி. அவ கடைசில தனியா இல்லன்னு உங்களத் தேடி வந்து சொல்லணும்னு இருந்தேன். பேரே எனக்குத் தெரியாது. ஆஸ்பத்திரில சொல்லல." அவள் அழுதாள். நான் கை கழுவத் தண்ணீர் ஊற்றினேன். துண்டு கொடுத்தேன். கொஞ்சம் தேறியதும் சொன்னாள்: "உங்களுக்குச் சரின்னா அவளப் பத்தி ஒரு வீடியோ பேசணும் ஆன்ட்டி. நம்ம பொண்ணுங்க எத்தன பேரு வீட்டுக்குப் பயந்துகிட்டு ஒளிஞ்சி ஒளிஞ்சி ஓட்டுறாங்க. நல்லா சொல்லிக் குடுத்து, வீட்லயே வழியனுப்பி வெச்சா இப்படி ஆகுமா? எல்லா ஊருலயும் போயி பேசணும்."

"சரிம்மா" என்றேன்.

ஐந்தே முக்கால் ஆகியிருந்தது. "கோயிலுக்கு நாளைக்குப் போறேன் ஆன்ட்டி. இன்னைக்கு மனசு சரியில்ல. இங்கயே படுத்துக்கிட்டா?" என்றாள்.

"இன்னைக்கே போயிட்டு வந்துடு. சாயங்கால வெயில்ல பாத்தாத்தான் கோயிலு நல்லா இருக்கும். அவ பேருக்கு ஒரு வெளக்கு ஏத்திட்டு வா, நான் பாய் போட்டு வைக்கிறேன்."

ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு கேட்டாள்: "வழில கேட், சங்கிலி ஏதாச்சும் இருக்கா ஆன்ட்டி?"

"ஒண்ணும் இல்லம்மா. ஸ்டோர தாண்டிட்டா நல்ல எறக்கம். நேரா போயிடலாம்."

வாசலில் நின்று கையசைத்தேன். அவள் எண் என் கைப்பேசியில் இருந்தது. ஓட்டும்போதே ஹெல்மெட்டுக்குள் அழைப்பு கேட்கும், பேசலாம், காணொளிகளில் பார்த்திருக்கிறேன். தோட்டத்துக்கு முக்கால் மணி நேரம். கைப்பேசியை மேசையில் வைத்துவிட்டுப் பாத்திரம் கழுவினேன். குழம்புச் சட்டி அடிப்பிடித்திருந்தது, அதைத் தேய்க்கவே நேரம் ஆனது. பிறகு பாய் போட்டேன்.

ஏழு துண்டுகளையும் துவைத்து மடித்து, சமையலறை மேசையின் இரண்டாவது இழுப்பறையில் வைத்திருக்கிறேன். சிவானந்தத்திடம் காட்டுங்கள், அவர் கட்டியவைதான் என்று சொல்வார். அவரை வீட்டுக்கு அனுப்பிவிடுங்கள். மாதவியைக் கொன்றது நான்.

அவள் நின்று உதவியவள் என்று தெரிந்த பிறகும் ஏன் என்று நீங்கள் கேட்பீர்கள். நானும் நிதானமாக யோசித்துப் பார்த்தேன். அவள் என் பிள்ளையின் தலையைத் தாங்கிப் பிடித்தவள்; அதற்கு நான் நன்றியோடுதான் இருக்கிறேன். அவளுடைய பதினாறாம் நாளுக்கு நானே விளக்கு ஏற்றினேன். ஆனால் அவள் சொன்னதில் ஒன்று சரியில்லை. விஷாலினி என்னிடம் எதையும் மறைக்கிற பிள்ளை இல்லை. உயிர் போகிற நேரத்தில் பிள்ளை ஏதோ உளறியிருக்கும். அதை வைத்துக்கொண்டு, என் மகள் என்னைக் கண்டு பயந்தாள் என்று ஒருத்தி ஊர் ஊராகச் சொல்லித் திரிவதை எந்தத் தாய் பொறுத்துக்கொள்வாள்?