தாய்மார் விடுதிக்கு ஒரு தெரு

...இல்ல, நீயே சொல்லு மாரிசெல், இது நியாயமா? டெக்சாஸ் பூரா கருக்கலைப்பு கிளினிக்க இழுத்து மூடியாச்சு. அதுக்காக வருஷக்கணக்கா கால் கடுக்க வெயில்ல பதாகை பிடிச்சு நின்னவ இந்த வெர்லீன். ஜெயிச்சோம், கேக்கும் வெட்டினோம். இப்ப நீ வயித்துல பிள்ளையும் கையில துணிப்பையுமா வந்து நிக்கிற. அம்மா துரத்திட்டாங்க, இன்னிக்கு எங்க படுக்கிறதுன்னு கேக்குற. நான் என்னத்தச் சொல்ல?

உக்காரு, கால் வீங்கிடும். இந்தா, குட்டிப் பாதம் மாதிரி செஞ்ச இந்த பேட்ஜ சட்டையில குத்திக்க. வயித்துல பத்து வாரப் பிள்ளைக்குப் பாதம் இத்துனூண்டுதானாம்... ரெண்டாவே எடுத்துக்க, பெட்டி பெட்டியாக் கெடக்கு. டயப்பரா? அதுக்கு பிள்ளை வளர்ப்பு வீடியோ கிளாஸ் பாக்கணும் கண்ணு. ஒரு கிளாஸுக்கு ஒரு பாக்கெட். நம்ம கர்ப்பிணி உதவி மையத்துல அதான் முறை.

ஆஸ்டின்ல இருக்காரே நம்ம சட்டசபை மெம்பர், மைக்கப் பிடிச்சா, "ஒவ்வொரு சிசுவும் நம்ம சிசு"ன்னு கண்ணக் கசக்குவாரு. தொட்டில் வேணும்னு கேட்டா மட்டும் இருமல் வந்துடும். எதிர்க்கட்சி அம்மா என்ன ஒசத்தி? கேமராவோட வந்தாங்க, எங்க காலி அலமாரியப் படம் எடுத்தாங்க, போயிட்டாங்க. வந்ததுக்கு ஒரு பால் டின் வச்சிட்டுப் போயிருக்கலாம்ல?

என்ன கேட்ட, விடுதியா? அதான்மா வயித்தெரிச்சல். நம்ம சர்ச்சே ஒரு வீடு பாத்துச்சு. பெரிய வீடு, பின்னாடி பெக்கான் மரம். உன்ன மாதிரிப் பிள்ளைங்க பெத்து, தேறி, ஒரு வேலைக்குப் போற வரைக்கும் இருந்துக்கலாம். நகரசபைல அனுமதி குடுக்கல. கல்நெஞ்சக்காரங்க.

அக்கம்பக்கத்துல ஆட்சேபணை வந்துச்சாம். வராம? நேரங்காலம் இல்லாம காரு வரும், பொண்ணு பின்னாடியே பையன் வருவான், கைக்குழந்தைங்க கத்தும். தெருவோட மதிப்பு என்னத்துக்காகும்? கூட்டத்துல மொதல்ல எந்திரிச்சதே நான்தான். என் வீட்டுக்கு ரெண்டு வீடு தள்ளிம்மா, பின்ன? விடுதி வேணாம்னு யாரு சொன்னா... வேற தெருவுல வைங்கன்னுதான் சொன்னேன். அத்தன பேரும் கை தட்டினாங்க.

எங்க வீட்லயா? ரூம் காலிதான், பையன் டல்லஸ் போயிட்டான். ஆனா அதுல என் தையல் மெஷின் இருக்கே கண்ணு.

எங்க கெளம்பிட்ட? வெளிய வெயில் கொளுத்துது. பஸ் ஸ்டாண்டுக்கா... நியூ மெக்சிகோ பஸ்ஸா? அடிப்பாவி, அந்த ஸ்டேட்லதானே இன்னும் கிளினிக் தொறந்து வச்சிருக்கான். நில்லு மாரிசெல். பையக் கீழ வையி. அந்தப் பிள்ளைக்கு நாதி இல்லைன்னு நெனச்சியா? நாங்க இல்ல?