ஜெயஸ்ரீ நினைவுப் பயிற்சி மையம்

காபியில் டிகாக்‌ஷன் கொஞ்சம் தண்ணியாக இருக்கும். நானே போட்டது, பொறுத்துக்கொள்ளுங்கள். சேலையூரில் பால் நன்றாகவே கிடைக்கிறது. குறை என் கையில்தான். ஷ்யாம்சுந்தர் சார், ரெக்கார்டரை டீப்பாயின் இந்தப் பக்கம் வையுங்கள். ஃபேன் சத்தத்தில் நான் சொல்வது எதுவும் விட்டுப்போகக் கூடாது. பியூலா மேடம் என் முகத்தைப் பார்க்க விரும்பவில்லை என்று தெரிகிறது. அவரை நான் குறை சொல்ல மாட்டேன்.

உங்கள் நிறுவனத்துக்கு நான் முதலில் நிதி கேட்டு விண்ணப்பித்தபோது திட்டத் தலைவர் என்ற இடத்தில் என் பெயரைத்தான் போட்டிருந்தேன். கூடுவாஞ்சேரிப் பக்கத்துப் பெண்களுக்கு இரு சக்கர வண்டி பழுதுபார்க்கக் கற்றுக்கொடுக்கும் திட்டம். நல்ல திட்டம். நிராகரித்துவிட்டீர்கள். 'பெண்களுக்கான இந்தத் திட்டத்தில் முடிவெடுக்கும் இடத்தில் ஒரு பெண்கூட இல்லையே' என்று குறிப்பு வேறு எழுதியிருந்தீர்கள். நியாயமான கேள்வி. ஆண் பெண் சமத்துவத்தைப் பற்றி நான் தாம்பரத்தில் எத்தனையோ கூட்டங்களில் பேசியிருக்கிறேன். என்னிடமே அதைக் கேட்டது கொஞ்சம் வேடிக்கையாக இருந்தது, அவ்வளவுதான்.

அன்று சாயங்காலம் என் மனைவி ஜெயஸ்ரீ பீன்ஸ் நறுக்கிக்கொண்டிருந்தாள். உன் பெயரைப் போட்டுக்கொள்ளட்டுமா, கையெழுத்துப் போட்டால் போதும் என்று கேட்டேன். அவள் கத்தியைக் கீழே வைக்காமலேயே, "பேர் மட்டும்னா வேணாங்க. போட்டா நான் வேலை செய்வேன்" என்றாள். நான் சிரித்தேன். அதைப் பெண்கள் வழக்கமாகப் பேசும் பேச்சு என்று நினைத்துவிட்டேன். தவறு என்று எதையாவது சொல்லவேண்டும் என்றால் இதைச் சொல்லலாம்.

அவள் பெயரைப் போட்டு மறுபடி விண்ணப்பித்தேன். உங்கள் நிதி வந்ததும் அவள் பள்ளிக்கூட வேலையை விட்டுவிட்டாள். தமிழ் டீச்சர். பிள்ளைகள் கேட் வரை வந்து அழுதார்களாம். மறுநாளிலிருந்து ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு கூடுவாஞ்சேரி மையத்துக்குப் போக ஆரம்பித்தாள்.

போனவள் சும்மா இருக்கவில்லை. பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பிவிட்டு வரத் தோதாக வகுப்பு நேரத்தைத் தள்ளிவைத்தாள். கழிப்பறைக்கு உள்தாழ்ப்பாள் போட்டாள். பிறகு பயிற்றுநரை மாற்றினாள். பயிற்றுநர் என் அக்கா மகன் குணா. பெண்கள் கையில் கிரீஸ் படக் கூடாது என்று ஸ்பேனரைத் தானே வைத்துக்கொண்டு, அவர்களிடம் துடைக்கிற துணியை மட்டும் கொடுத்தவன். அது அவனுடைய மரியாதை. ஜெயஸ்ரீக்கு அது புரியவில்லை. அந்தப் பொங்கலுக்கு என் அக்கா எங்கள் வீட்டுக்கு வரவில்லை.

அப்புறம் நீங்கள் மதிப்பீட்டுக்கு வந்தீர்கள். மேடத்துக்கு நினைவிருக்கும். "ஹேமநாத் சார், நீங்க கொஞ்சம் வெளிய இருக்கீங்களா? ப்ராஜெக்ட் லீடர்கிட்ட தனியா பேசணும்" என்றீர்கள். ரொம்பப் பணிவாகத்தான் சொன்னீர்கள். வெளியே தண்ணீர் கேனுக்குப் பக்கத்தில் ஒரு ஸ்டூல் கிடந்தது. அதில் உட்கார்ந்தேன். உள்ளே சிரிப்புச் சத்தம் கேட்டது. ஒரு மதிப்பீட்டில் சிரிப்பதற்கு என்ன இருக்கும் என்று யோசித்துக்கொண்டிருந்தேன். ஒரு பெண் வந்து தண்ணீர் பிடித்துவிட்டு, "சார், யாரைப் பாக்கணும்?" என்று என்னிடம் கேட்டாள்.

அறிக்கையில் பாராட்டு முழுவதும் அவளுக்கு. என் பெயர் கடைசியில், நன்றி சொல்லும் இடத்தில் வந்தது. டீ கொண்டுவந்து கொடுத்தவரின் பெயருக்கு அடுத்ததாக. அதனால்தான் இதெல்லாம் செய்தேன் என்று எழுதிவிடாதீர்கள். நான் அவ்வளவு சின்னவன் இல்லை. அவள் மெலிந்துபோயிருந்தாள். வெயிலில் அலைந்து கறுத்திருந்தாள். அவளுக்கு ஓய்வு தேவை என்று எனக்குப் பட்டது. ஒரு கணவனுக்குப் படாதா?

போதும் என்று சொன்னால் கேட்கிறவள் இல்லை. எனவே, உங்கள் நிறுவனம் திட்டத்தை நிறுத்திவிட்டது என்று சொன்னேன். ஏன் என்று கேட்டாள். காரணம் இல்லாமல் நம்ப மாட்டாள் என்பதால், தலைமை போதவில்லை என்று நீங்கள் கருதுவதாகச் சொன்னேன். அவள் மையத்துச் சாவியை எடுத்து என் முன்னால் வைத்தாள். பிறகு, "என்னாலதான் போச்சா? மன்னிச்சுக்கோங்க" என்றாள். நான் அவள் தலையைத் தடவிக்கொடுத்து, பரவாயில்லை, எல்லாருக்கும் எல்லாம் வந்துவிடாது என்று ஆறுதல் சொன்னேன். அந்த விஷயத்தில் நான் ஒரு குறையும் வைக்கவில்லை.

மையத்துப் பக்கம் போக அவளுக்கே வெட்கமாகிவிட்டது. மனம் மாறட்டும் என்று புதுப் போன் ஒன்று வாங்கிக்கொடுத்தேன். புது நம்பர். பழைய சிம்மை நானே பத்திரமாக வைத்துக்கொண்டேன்.

மீதி இருந்தது உங்கள் பக்கம். தலைவி விலகிவிட்டாள் என்றால் ஏன் என்று கேட்பீர்கள், அவளையே கூப்பிட்டுக் கேட்பீர்கள். பெண் தலைமைக்கான மதிப்பெண்ணும் போய்விடும். நிதி நின்றால் அந்தப் பெண்களின் கதி என்ன? அவர்களுக்காகத்தான் யோசித்தேன். யோசித்துப் பார்த்ததில், கேள்வி வராத விலகல் ஒன்றுதான் இருந்தது. அவளிடம் திட்டம் செத்துவிட்டது என்று சொல்லியிருந்தேன். உங்களிடம் அவள் செத்துவிட்டாள் என்று சொன்னேன். விஷக்காய்ச்சல், அம்பாசமுத்திரத்தில் பிறந்த வீட்டுக்குப் போன இடத்தில், எல்லாம் அங்கேயே முடிந்துவிட்டது என்று.

மேடம், நீங்கள் போனிலேயே அழுதீர்கள். அந்த அழுகையைக் கேட்டு எனக்கும் கண் கலங்கியது. நடிப்பு இல்லை.

இரங்கல் கூட்டத்தில் பேச ஓர் உரை எழுதினேன். மேடையில் பிழையோடு பேசுவது எனக்குப் பிடிக்காது. வீட்டில் தமிழ் டீச்சர் இருக்கும்போது வெளியே யாரிடம் காட்டுவது? நண்பர் ஒருவரின் மனைவி இறந்துவிட்டாள், அவருக்காக எழுதியது என்று சொல்லிக் கொடுத்தேன். பெயர் வரும் இடங்களை மட்டும் காலியாக விட்டிருந்தேன். அவள் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்து ஒற்றெழுத்துகளைத் திருத்தினாள். 'அவளது சேவை' என்றிருந்ததை 'அவள் உழைப்பு' என்று மாற்றினாள். அது நன்றாகத்தான் இருந்தது. திருப்பித் தரும்போது, "பாவம், நல்ல பொம்பளையா இருந்திருக்கா. இதையெல்லாம் அவ உயிரோட இருக்கறப்ப அந்த மனுஷன் சொல்லியிருப்பாரா?" என்று கேட்டாள்.

சொல்லியிருப்பார் என்றுதான் நினைக்கிறேன் என்றேன்.

கூட்டம் நன்றாக நடந்தது. எல்லாரும் எழுந்து மௌனமாக நின்றோம். அஞ்சலி என்று ஒரு பெண், முதல் வகுப்பிலேயே படித்து இப்போது மற்றவர்களுக்குக் கற்றுக்கொடுக்கிறவள், சாப்பிடாமலே கிடந்தாளாம். மையத்துக்கு ஜெயஸ்ரீயின் பெயரை வைக்கலாம் என்று நீங்கள்தான் சொன்னீர்கள். நான் தடை சொல்லவில்லை. நிதி தொடர்ந்தது. அந்த முறை சமத்துவத்துக்கு முழு மதிப்பெண் கொடுத்திருந்தீர்கள். உயிரோடு இருந்தபோதுகூட அவளுக்கு முழுசாகக் கிடைத்ததில்லை. இறந்துபோன தலைவி கூட்டத்தில் கேள்வி கேட்க மாட்டாள், யாரையும் வெளியே உட்காரச் சொல்ல மாட்டாள். அவளுடைய கணவர் எல்லா நாற்காலியிலும் உட்காரலாம். இதை நான் குத்தலாகச் சொல்லவில்லை சார். உங்கள் மதிப்பீட்டு முறையில் அப்படி ஓர் இடம் இருக்கிறது என்று தெரிவிக்கிறேன், அவ்வளவுதான்.

நான் அந்த மாதங்களில் நல்ல கணவனாக இருந்தேன் என்பதையும் பதிவு செய்துகொள்ளுங்கள். கூட்டங்களில் அவளைப் பற்றிப் பேசப் பேச எனக்கே அவள் மேல் மதிப்பு கூடியது. வரும் வழியில் பூ வாங்கிக்கொண்டு வருவேன். ஒரு முழம் மையத்தில் படத்துக்கு, ஒரு முழம் வீட்டுக்கு.

பிறகு நடந்தது அஞ்சலி உங்களிடம் சொன்னதுதான். பழைய பள்ளிக்கூடத்து டீச்சர் ஒருவர் கூடுவாஞ்சேரியில் வீடு கட்டிக் கிரகப்பிரவேசத்துக்குக் கூப்பிட்டிருக்கிறார். என்னிடம் சொல்லியிருந்தால் நானே காரில் கூட்டிப்போயிருப்பேன். சொல்லவில்லை. திரும்பும்போது ஜி.எஸ்.டி. ரோட்டில் ஸ்கூட்டர் மக்கர் செய்திருக்கிறது. மூடிக் கிடக்கும் மையத்தை ஒரு தரம் பார்த்துவிட்டுப் போகலாம் என்றும் தோன்றியிருக்கிறது. தள்ளிக்கொண்டே போயிருக்கிறாள். ஷட்டர் திறந்திருந்தது. மேலே அவள் பெயர், அவள் படம், அதற்கு மாலை.

அஞ்சலி கையிலிருந்த ஸ்பேனர் கீழே விழுந்துவிட்டதாம். "அக்கா, நீ செத்துப் பூட்டன்னு சார் சொன்னாரே. நாங்கோ மொட்டை மட்டுந்தான் அடிச்சிக்கல" என்றிருக்கிறாள்.

"நான் எங்கயும் போகலை அஞ்சலி. சேலையூர்லதான் இருக்கேன். வண்டி ஸ்டார்ட் ஆகலை, கொஞ்சம் பாரு."

அப்படிச் சொல்லிவிட்டு உள்ளே போய் உட்கார்ந்திருக்கிறாள். பெண்கள் அவள் கையையும் காலையும் தொட்டுத் தொட்டுப் பார்த்திருக்கிறார்கள். இரங்கல் கூட்டத்தை யாரோ போனில் எடுத்து வைத்திருந்தார்கள். அதைப் போடச் சொல்லி முழுவதும் கேட்டாளாம். 'அவள் உழைப்பு' என்று நான் சொல்லும் இடத்தில் நிறுத்தச் சொன்னாள். அழவில்லை. மேடத்தின் நம்பரை மட்டும் வாங்கிக்கொண்டாள்.

அன்றிலிருந்து அவள் அங்கேதான் இருக்கிறாள். அஞ்சலி வீட்டு மாடியில் ஓர் அறை. நான் மையத்துக்குப் போய்ப் பார்த்தேன். என்னை உள்ளே விடாமல் இல்லை. ஒரு வண்டி வேலை பாதியில் இருக்கிறது, வெளியே உட்காருங்கள் என்றாள். உட்கார்ந்தேன். ரொம்ப நேரம் உட்கார்ந்தேன். போர்டில் 'நினைவு' என்ற வார்த்தையை மட்டும் பெயிண்ட் அடித்து மறைத்திருந்தார்கள். இப்போது அவள் அந்த இடத்தை முழுசாகத் தானே நடத்துகிறாள், வகுப்பு போக வண்டி வேலையும் எடுக்கிறார்கள். யோசித்துப் பாருங்கள், என்னோடு இந்த வீட்டிலேயே இருந்திருந்தால் இந்த அளவுக்கு வந்திருப்பாளா? ஒரு பெண்ணுக்கு இவ்வளவு சுதந்திரம் கிடைக்க வழி செய்தவன் யார் என்று ஒருவரும் கேட்கவில்லை. நானும் சொல்லிக்கொள்ளவில்லை.

சரி, நீங்கள் கேட்டதற்கு நேராகவே பதில் சொல்லிவிடுகிறேன். ஆமாம். உயிரோடு இருந்த என் மனைவி இறந்துவிட்டாள் என்று சொன்னது நான். அவளால்தான் திட்டம் போயிற்று என்று அவளை நம்பவைத்ததும் நான். குணாவுக்கோ வேறு யாருக்குமோ இதில் பங்கு இல்லை. எங்கே கையெழுத்துப் போடவேண்டும் என்று காட்டுங்கள்.

ஒன்றே ஒன்று. இதனால் எனக்குப் பெண் தலைமை மேல் நம்பிக்கை போய்விட்டது என்று நீங்கள் நினைத்துவிடக் கூடாது. இரும்புலியூரில் தையல் பயிற்சிக்கு வேறோர் இடத்தில் விண்ணப்பித்திருக்கிறேன். திட்டத் தலைவியாக என் தங்கை காந்தாவின் பெயரைத்தான் கொடுத்திருக்கிறேன். நல்ல பெண், எதிர்த்துப் பேசத் தெரியாது. என்ன, உடம்புதான் அவ்வளவு திடமில்லை.